ஜாவா 17-இல் பூஜ்ஜியக் கையொப்பம்: பழைய இமேஜ்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது

பெருங்குடி மலர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாக்குவாதத்தை இங்கே கொண்டுவருகிறேன். ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் சர்வர் பக்க வேலை பார்க்கிறேன். வேறொரு குழுவிடமிருந்து எங்கள் பொறுப்புக்கு வந்த சேவைகளைப் பட்டியல் எடுத்தபோது, அவற்றில் ஒன்று ஜாவா 17.0.1-இல் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. கன்டெய்னர் இமேஜை (சேவையையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலம்) உருவாக்கிய நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அந்தச் சேவைக்கு ஒரே வேலைதான்: உள்ளே வரும் டோக்கன்களின் (வருபவர் யார் என்று சொல்லும் நுழைவுச்சீட்டு போன்றவை) கையொப்பத்தைச் சரிபார்ப்பது. கையொப்ப முறை இஎஸ்256, அதாவது பி-256 என்ற நீள்வட்ட வளைவின் மீது ஈசிடிஎஸ்ஏ என்ற டிஜிட்டல் கையொப்பம்.

விவரம் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததுமே வயிற்றைக் கலக்கியிருக்கும். காரணம், சிவிஇ-2022-21449 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்புப் பிழை. ஜாவா 15 முதல் 18 வரையிலான பதிப்புகளில், இரண்டு பூஜ்ஜியங்களைக் கையொப்பம் என்று நீட்டினால், எந்தச் செய்திக்கும், எந்தப் பொதுச்சாவிக்கும் (கையொப்பத்தைச் சரிபார்க்க வெளிப்படையாகத் தரப்படும் சாவி) அது செல்லும் என்று ஜாவாவின் சொந்த நூலகமே சொல்லிவிடும். ஃபோர்ஜ்ராக் நிறுவனத்தில் அப்போது இருந்த நீல் மேடன் இதைக் கண்டுபிடித்து 2021 நவம்பர் 11 அன்று ஜாவாவை வெளியிடும் ஆரக்கிளுக்குத் தெரிவித்தார். 2022 ஏப்ரல் 19 அன்று பேட்ச் (திருத்தம்) வந்தது. 17.0.3-இலும் 18.0.1-இலும் சரி செய்யப்பட்டுவிட்டது.

"அது முடிந்துபோன கதை, உள் நெட்வொர்க்கில் இருக்கும் சேவைதானே, அடுத்த காலாண்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் குழுவில் சிலர். எனக்கு உடன்பாடு இல்லை. பேட்ச் வந்த பிறகு இது இன்னும் ஆபத்தாகிவிட்டது. எப்படித் தாக்குவது என்பது இன்று ஊரறிந்த விஷயம்.

இரண்டு உதவிகள் வேண்டும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதன் உள்விவரத்தை ஒரு பக்கத்துக்குள் யாராவது விளக்க முடியுமா? கன்டெய்னர் இமேஜ்கள் தவிர வேறு எங்கெல்லாம் தேட வேண்டும்?

கந்தன்சாவடி கார்த்தி

மலர் அக்கா, பதிப்பை உயர்த்துவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் அவசரம் எவ்வளவு என்று ஒரு அளவுகோல் வேண்டும் அல்லவா? ஆரக்கிளே இதற்கு 10-க்கு 7.5 மதிப்பெண்தான் கொடுத்தது. எங்கள் பட்டியலில் 9-க்கு மேல் உள்ளவையே வரிசையில் நிற்கின்றன.

பழைய மாம்பலம் மணி

கார்த்தி, அந்த 7.5 எப்படி வந்தது என்று பாருங்கள். தரவின் நம்பகத்தன்மை மட்டும்தான் பாதிக்கப்படுகிறது; ரகசியமும் சேவையின் இயக்கமும் பாதிக்கப்படவில்லை என்ற கணக்கு அது. நூலகத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் சரிதான். ஆனால் அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் ஒருவர் நிர்வாகியா இல்லையா என்று உங்கள் சர்வர் முடிவெடுக்கிறது என்றால், உள்ளே நுழைந்தவருக்கு ரகசியமும் கிடைக்கும், சேவையை நிறுத்தவும் முடியும். ஃபோர்ஜ்ராக் தரப்பு இதற்கு 10 கொடுக்க வேண்டும் என்று சொன்னதன் காரணம் அதுதான். மதிப்பெண் நூலகத்துக்கு உரியது. ஆபத்து அந்த நூலகத்தின் தலையில் நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் பொறுப்பைப் பொறுத்தது.

மலர் சொல்வது டோக்கன் சரிபார்க்கும் சேவை. அதன் தலையில் எல்லாப் பொறுப்பும் இருக்கிறது.

சிறுசேரி மாணவி

உள்விவரத்தை நான் எழுதிப் பார்க்கிறேன், மலர் அக்கா. கணிதம் படிப்பவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்.

ஈசிடிஎஸ்ஏ கையொப்பம் என்பது இரண்டு எண்கள். ஆர், எஸ் என்று வைத்துக்கொள்வோம். வளைவில் அடிப்படைப் புள்ளி ஒன்று உண்டு. அது உருவாக்கும் குழுவின் அளவு ஒரு பகா எண். பி-256-இல் அது 256 பிட் நீளமுள்ள எண். கையொப்பத்தின் கணக்கெல்லாம் இந்தப் பகா எண்ணின் மட்டில், அதாவது அதனால் வகுத்தால் வரும் மீதியை வைத்து நடக்கிறது.

சரிபார்ப்பவர் செய்வது இது. முதலில் எஸ்-இன் பெருக்கல் நேர்மாறை, அதாவது எஸ்-ஓடு பெருக்கினால் 1 தரும் எண்ணைக் கண்டுபிடிக்கிறார். செய்தியின் ஹாஷை (செய்தியிலிருந்து கணக்கிடப்படும் சுருக்க எண்) அந்த நேர்மாறால் பெருக்கினால் ஒரு எண். ஆர்-ஐ அதே நேர்மாறால் பெருக்கினால் இன்னொரு எண். முதல் எண்ணை அடிப்படைப் புள்ளியோடும் இரண்டாவதைக் கையொப்பமிட்டவரின் பொதுச்சாவிப் புள்ளியோடும் பெருக்கி, இரண்டையும் கூட்டுகிறார். கிடைக்கும் புள்ளியின் எக்ஸ் ஆயத்தொலைவு ஆர்-க்குச் சமமாக இருந்தால் கையொப்பம் செல்லும்.

இப்போது ஆர், எஸ் இரண்டையும் பூஜ்ஜியமாக வைத்துப் பாருங்கள்.

பூஜ்ஜியத்துக்குப் பெருக்கல் நேர்மாறே கிடையாது. கணக்கு அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் ஜாவாவின் புதிய நிரல் நேர்மாறை ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது. அதாவது எண்ணை, பகா எண்ணிலிருந்து 2 கழித்த அடுக்குக்கு உயர்த்துகிறது. பூஜ்ஜியம் அல்லாத எண்ணுக்கு இது சரியான விடை தரும். பூஜ்ஜியத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் பூஜ்ஜியம்தான். ஆகவே பிழை எதுவும் எழாமல் "நேர்மாறு பூஜ்ஜியம்" என்று கணக்கு மேலே போகிறது.

அந்த நேர்மாறால் பெருக்கிய இரண்டு எண்களும் பூஜ்ஜியமாகிவிடுகின்றன. ஹாஷ் காணாமல் போயிற்று. பொதுச்சாவியும் காணாமல் போயிற்று. யார் கையொப்பமிட்டார், எதில் கையொப்பமிட்டார் என்ற இரண்டு தகவல்களும் கணக்கை விட்டே வெளியேறிவிட்டன. மிஞ்சுவது முடிவிலிப் புள்ளி, புள்ளிகளின் கூட்டலில் பூஜ்ஜியத்தின் இடத்தில் இருப்பது. அதற்கு எக்ஸ் ஆயத்தொலைவு என்று ஒன்று இல்லை. ஆனால் நிரல் புள்ளிகளை மூன்று எண்களாக வைத்திருக்கிறது. சாதாரண ஆயத்தொலைவுக்கு மாற்ற மூன்றாவது எண்ணின் நேர்மாறால் பெருக்க வேண்டும். முடிவிலிப் புள்ளியில் அந்த மூன்றாவது எண் பூஜ்ஜியம். மறுபடியும் அதே ஃபெர்மா, மறுபடியும் பூஜ்ஜியம். எக்ஸ் பூஜ்ஜியம், ஆர் பூஜ்ஜியம், இரண்டும் சமம். கையொப்பம் செல்லும்.

இரண்டு முறை இல்லாத ஒன்றுக்கு விடை கேட்கப்பட்டது. இரண்டு முறையும் பூஜ்ஜியம் என்று அமைதியாகப் பதில் வந்தது. ஒரு முறையாவது பிழை என்று நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். இதை முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வேளச்சேரி வாசு

அருமையான விளக்கம், தங்கையே. ஒன்று சேர்க்கிறேன். இந்தக் கணக்குக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஈசிடிஎஸ்ஏ-வின் வரையறையிலேயே இருக்கிறது. ஆர், எஸ் இரண்டும் 1 முதல், குழு அளவைவிட ஒன்று குறைவான எண் வரை இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே நிராகரிக்க வேண்டும். சரிபார்ப்பின் முதல் படியே இதுதான். முதல் படி விட்டுப்போயிருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. "பூஜ்ஜியமா என்று மட்டும் பார்த்தால் போதும்" என்று எண்ணி யாரும் மேலே ஒட்டு போட்டுவிடாதீர்கள். குழு அளவையே எஸ்-ஆகக் கொடுத்தால் அதுவும் மட்டுக் கணக்கில் பூஜ்ஜியம்தான். மேல் எல்லையையும் பார்க்க வேண்டும்.

பெருங்குடி மலர்

இதைத்தான் கேட்டேன். நன்றி, இருவருக்கும். இதை அப்படியே குழுவில் பகிரப் போகிறேன்.

அந்தக் கையொப்பம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதையும் எழுதிவிடுகிறேன். சான்றிதழ்களில் பயன்படும் டெர் வடிவத்தில் அது வெறும் எட்டு பைட்:

30 06 02 01 00 02 01 00

30 என்றால் ஒரு தொகுப்பு தொடங்குகிறது. 06 அதன் நீளம். 02 என்றால் முழு எண், 01 அதன் நீளம், 00 அதன் மதிப்பு. மறுபடியும் 02, 01, 00. அவ்வளவுதான். டோக்கன்களில் வடிவம் வேறு: ஆர்-உம் எஸ்-உம் தலா 32 பைட்டாக அடுத்தடுத்து நிற்கும். 64 பைட்டும் பூஜ்ஜியமாக இருந்தால், பேஸ்64-இல் (பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் முறை) எழுதும்போது, கையொப்பம் நிற்கும் டோக்கனின் மூன்றாம் பகுதி முழுக்க 86 ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' வரிசையாக நிற்கும். பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் வரக்கூடிய ஒன்று. இயந்திரத்துக்கு வரவில்லை.

கந்தன்சாவடி கார்த்தி

சரி, ஆபத்து புரிகிறது. ஆனால் எனக்கு வேறொரு கோபம் வருகிறது. "கிரிப்டோகிராஃபியை நீங்களே எழுதாதீர்கள், மொழியோடு வரும் நூலகத்தைப் பயன்படுத்துங்கள்" என்றுதான் கல்லூரி முதல் அலுவலகம் வரை எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே செய்தோம். நூலகமே இப்படிக் கைவிட்டால் நாங்கள் யாரை நம்புவது? ஜாவா 8-இல் ஒழுங்காக இருந்ததை எதற்காக மாற்றி எழுதினார்கள்?

பழைய மாம்பலம் மணி

நியாயமான கோபம். மாற்றி எழுதியதற்கும் நியாயம் இருந்தது.

ஜாவா 14 வரை நீள்வட்ட வளைவுக் கையொப்பங்களைச் சரிபார்த்தது, ஜாவாவுக்கு வெளியே சி, சி++ மொழிகளில் எழுதப்பட்ட நேட்டிவ் நிரல். அந்த மொழிகளில் நினைவகப் பிழைகள் வரும். கணக்கு ஓடும் நேரத்தை அளந்தே, கையொப்பமிடப் பயன்படும் ரகசியமான தனிச்சாவியை ஊகிக்கும் தாக்குதல்கள் இருக்கின்றன. இரண்டையும் தடுக்கும் நோக்கில்தான் புதிய நிரலை ஜாவாவிலேயே எழுதினார்கள். உள்ளே வரும் எண்ணைப் பொறுத்து வழி பிரியாமல், எப்போதும் ஒரே பாதையில் ஓடும்படி அதன் எண்கணிதம் வடிவமைக்கப்பட்டது. மாணவி சொன்ன ஃபெர்மா முறையும் அதற்குப் பொருந்துவதுதான். 2020 செப்டம்பரில் ஜாவா 15-இல் அது வந்தது. பழைய நிரலில் இருந்த எல்லைச் சோதனை புதியதில் வந்து சேரவில்லை. ஓர் ஆண்டுக்கும் மேல் யாருக்கும் தெரியவில்லை. நடுவில், 2021 செப்டம்பரில் நீண்டகால ஆதரவுப் பதிப்பான ஜாவா 17 வெளிவந்ததால், நிறுவனங்கள் நம்பி மாறியதே இந்தப் பிழை உள்ள பதிப்புக்குத்தான்.

எனக்கு மனம் ஆறாத இடம் எது என்று சொல்கிறேன். கையொப்பம் இடும்போதுதான் ரகசியம் இருக்கிறது. சரிபார்க்கும்போது செய்தி, கையொப்பம், பொதுச்சாவி எல்லாமே வெளிப்படை. அங்கே வழி பிரிவதால் எதுவும் கசியாது. "எல்லைக்குள் இல்லையென்றால் நிராகரி" என்ற ஒரு வரியை எழுத எந்தத் தடையும் இருந்திருக்காது. ரகசியத்தைக் காக்க எடுத்த கவனத்தில் கொஞ்சம், ரகசியமே இல்லாத இந்தப் பக்கத்துக்கும் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சரியான கையொப்பம் ஏற்கப்படுகிறதா என்று ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. எல்லாம் பச்சை விளக்காகத்தான் வரும். தவறானதைக் கொடுத்து "இல்லை" என்று சொல்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். இத்தனைக்கும் அப்படிப்பட்ட சோதனைத் தொகுப்பு ஒன்று பொதுவெளியில் ஏற்கெனவே இருந்தது. கூகுளின் பாதுகாப்புப் பொறியாளர்கள் 2016 டிசம்பரில் வெளியிட்ட விச்சிப்ரூஃப். ஆர் பூஜ்ஜியம், எஸ் பூஜ்ஜியம் என்ற சோதனையும் அதில் உண்டு. அதை ஓட்டியிருந்தால் பிழை அன்றே பிடிபட்டிருக்கும். மேடனும் இதைச் சுட்டிக்காட்டினார்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். இப்போதும் நூலகத்தைத்தான் நம்ப வேண்டும். நாமே எழுதினால் இதைவிட நன்றாக வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 2021 நவம்பரில், இந்தப் பிழை ஆரக்கிளுக்குத் தெரிவிக்கப்பட்ட அதே மாதத்தில், ஸ்டார்க் பேங்க் என்ற நிறுவனம் வெளியிட்டிருந்த ஈசிடிஎஸ்ஏ நூலகங்களில் இதே பூஜ்ஜியப் பிழை வெளியானது. பைத்தான், நோட், ஜாவா, டாட்நெட், எலிக்சர் என்று ஐந்து மொழிகளில் தனித்தனியாக எழுதப்பட்டவை, ஐந்திலும் அதே ஓட்டை.

சிறுசேரி மாணவி

மணி ஐயா, ஐந்திலும் அதே பிழை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பாடப்புத்தகத்தில் சரிபார்ப்புச் சமன்பாட்டைத்தான் தேர்வுக்குப் படிக்கிறோம். அதற்கு மேலே இருக்கும் எல்லை நிபந்தனையை "வசதிக்காகச் சொன்னது" போலத் தாண்டிவிடுகிறோம். சமன்பாடு உண்மையாவது அந்த நிபந்தனைக்குள் மட்டும்தான். நிரூபணத்தைக் கேட்டால் தெரியும். நிரூபணத்தை யாரும் கேட்பதில்லை.

தி.நகர் தணிக்கையாளர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்ல. வாடிக்கையாளர்களின் வருமான வரி, ஜிஎஸ்டி தாக்கல்களுக்கு யுஎஸ்பி டோக்கனில் (பென் டிரைவ் போன்ற சாதனம்) உள்ள டிஜிட்டல் கையொப்பத்தைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். அந்த மென்பொருள் நிறுவும்போது ஜாவாவும் கேட்டது. என் வாடிக்கையாளர்களின் கையொப்பங்களை யாராவது திருடியிருக்க முடியுமா?

வேளச்சேரி வாசு

பயப்பட வேண்டாம், சார். இந்தப் பிழையால் யாருடைய தனிச்சாவியும் வெளியே போகவில்லை. கையொப்பம் இடும் பக்கத்தில் கோளாறு இல்லை, சரிபார்க்கும் பக்கத்தில்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தை ஒப்பிட வேண்டியவர், வெற்றுத் தாளைப் பார்த்து "ஒத்துப்போகிறது" என்று எழுதிவிட்டால் எப்படியோ அப்படி. உங்கள் பேனா உங்கள் பையிலேயேதான் இருக்கிறது.

மேலும் பிழை ஈசிடிஎஸ்ஏ-வில் மட்டும்தான். ஆர்எஸ்ஏ கையொப்பங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சான்றிதழைத் திறந்து விவரங்கள் பகுதியில் பொதுச்சாவி என்ற வரியைப் பாருங்கள். ஆர்எஸ்ஏ 2048 என்று இருந்தால் இந்த இழை முழுவதையும் நீங்கள் மறந்துவிடலாம். ஜாவா 8, 11 ஆகியவற்றிலும் இந்தப் பிழை கிடையாது. ஆனால் உங்கள் கணினியில் ஜாவா பழையதாக இருந்தால் வேறு காரணங்களுக்காகப் புதுப்பித்துவிடுங்கள்.

தி.நகர் தணிக்கையாளர்

பார்த்தேன். ஆர்எஸ்ஏ 2048 என்றுதான் இருக்கிறது. மிக்க நன்றி.

கந்தன்சாவடி கார்த்தி

மலர் அக்காவின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கன்டெய்னர்களைவிட மோசமான இடம், மென்பொருளோடு சேர்ந்து வரும் ஜாவா. பல நிறுவன மென்பொருள்கள் தங்களுக்கென்று ஒரு ஜாவாவைத் தங்கள் அடைவுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. சர்வரில் பதிப்பு எண்ணைக் கேட்டால் புதிய எண் வரும். உள்ளே ஓடுவது பழையது. அதனால் கட்டளையை நம்பாமல் கோப்பைத் தேடுங்கள். ஜாவா நிறுவப்பட்ட அடைவின் மேல்மட்டத்தில் 'ரிலீஸ்' என்ற சிறிய உரைக்கோப்பு இருக்கும். பதிப்பு எண் அதில் எழுதியிருக்கும். எதையும் ஓட்டாமலேயே படிக்கலாம், இமேஜைப் பிரித்தும் படிக்கலாம்.

அடுத்தது, பில்டு சர்வர்கள். நிரலைக் கட்டும் இயந்திரத்தில் யாரும் வெளியிலிருந்து வரமாட்டார்கள் என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் தரவிறக்கும் பொட்டலங்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறோம்.

மூன்றாவது, 15, 16 பதிப்புகள். பிழை வெளியான நேரத்தில் ஆரக்கிள் அவற்றுக்கான ஆதரவை ஏற்கெனவே நிறுத்தியிருந்தது. எங்காவது அகப்பட்டால் 17-இன் இப்போதைய பதிப்புக்கோ அதற்கு மேலோ போக வேண்டியதுதான்.

பழைய மாம்பலம் மணி

பில்டு சர்வரைச் சொன்னது மிகச் சரி, கார்த்தி. பவுன்சி கேசில் என்ற வெளி கிரிப்டோ நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு சொல். அதன் ஈசிடிஎஸ்ஏ நிரலில் எல்லைச் சோதனை இருக்கிறது, அது பாதிக்கப்படவில்லை. ஆனால் அது சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதாலேயே அதுதான் ஓடுகிறது என்று கொள்ளாதீர்கள். எந்த நூலகத்தை முதலில் கூப்பிடுவது என்று ஜாவா பார்க்கும் வழங்குநர் வரிசையில் ஜாவாவின் சொந்த நிரல் முன்னால் இருந்தால் அதுதான் கூப்பிடப்படும்.

வேளச்சேரி வாசு

சேவையின் பதிவேடுகளைப் (லாக்) பற்றியும் பேச வேண்டும். மலர், அந்தச் சேவை இத்தனை காலம் ஓடியிருக்கிறது. பேட்ச் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 'ஏ' எழுத்து வரிசையாக நிற்கும் மூன்றாம் பகுதியோடு ஏதாவது டோக்கன் வந்திருக்கிறதா என்று கிடைக்கும் பதிவேடுகளில் தேடுங்கள். முழு டோக்கனையும் பதிவு செய்திருக்க மாட்டீர்கள், செய்யவும் கூடாது. அப்படியென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள்: டோக்கன் வழங்கும் சர்வர் வழங்கிய அடையாள எண்கள் ஒரு பக்கம், உங்கள் சேவை ஏற்றுக்கொண்டவை மறுபக்கம். வழங்காமலே ஏற்றுக்கொள்ளப்பட்டது ஒன்று இருந்தாலும் அது போலி.

அப்படி ஒன்று அகப்பட்டால் விஷயம் அலுவலகத்துக்குள் முடியாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, ஊடுருவல் போன்ற சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான்.

கந்தன்சாவடி கார்த்தி

பழைய ஜாவா ஓடுகிறது என்பதற்காகவே 6 மணி நேரக் கணக்கு தொடங்கிவிடுமா, வாசு அண்ணா?

வேளச்சேரி வாசு

இல்லை. ஓட்டை இருப்பது வேறு, யாரோ அதன் வழியாக உள்ளே வந்தது வேறு. இரண்டாவதற்குத்தான் அந்தக் கடிகாரம். ஆனால் தேடிப் பார்க்காமல் இருந்துவிட்டு "எதையும் கவனிக்கவில்லை" என்று சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

பெருங்குடி மலர்

நிலவரம் சொல்லிவிடுகிறேன். மாணவியின் விளக்கத்தை அச்செடுத்து வைத்து, சோதனைச் சூழலில் அந்த டோக்கனை எல்லோர் முன்னிலையிலும் அனுப்பிக் காட்டினேன். பயனர் பெயர் என்ற இடத்தில் நிர்வாகி என்று எழுதி, கையொப்பத்தில் 86 'ஏ'. சேவை 200 (சரி) என்று பதில் சொல்லி உள்ளே விட்டது. அதற்குப் பிறகு காலாண்டு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. இமேஜ் அன்றே மாறிவிட்டது; அதே டோக்கனுக்கு இப்போது 401 (அனுமதி இல்லை) வருகிறது.

கார்த்தி சொன்ன 'ரிலீஸ்' கோப்பைத் தேடியதில், அறிக்கைகள் அச்சிடும் ஒரு வணிக மென்பொருளுக்குள் ஜாவா 16 கிடைத்தது. அதைத் தயாரித்தவர்களுக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும் வரை வெளித்தொடர்பைத் துண்டித்து வைத்திருக்கிறோம். வழங்கியவை, ஏற்றவை ஒப்பீடு ஓடிக்கொண்டிருக்கிறது. கைவசம் உள்ள பதிவேடுகளில் இதுவரை போலி எதுவும் இல்லை.

விச்சிப்ரூஃபின் ஈசிடிஎஸ்ஏ சோதனைகளை எங்கள் பில்டில் சேர்க்கும் வேலையைக் குழுவில் இளையவர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பூஜ்ஜியம் மட்டுமல்ல, வாசு சொன்ன குழு அளவு, அதற்கு மேற்பட்ட எண்கள், டெர் வடிவம் சிதைந்தவை எல்லாம் அதில் இருக்கின்றன. ஒன்றே ஒன்று ஏற்கப்பட்டாலும் பில்டு நிற்கும்.

சிறுசேரி மாணவி

அக்கா, டோக்கன் நூலகத்தின் வழியாகவும் அதே சோதனைகளை ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். 64 பைட் வடிவத்தை டெர் வடிவத்துக்கு மாற்றும் நிரல் சில நூலகங்களில் நடுவில் இருக்கிறது. அந்த மாற்றத்தில் என்ன நடக்கிறது என்பது ஜாவாவை நேராகச் சோதித்தால் தெரியாது.

பெருங்குடி மலர்

நல்ல யோசனை. அவரிடம் சொல்லிவிட்டேன், இரண்டு வழியிலும் ஓட்டுவார்.